மெக்காஃப் கைவிட்டாரா, ஓரிக்ஸ் பிடுங்கியதா? 2022 ஜப்பான் சீரிஸ் ஐந்தாவது ஆட்டம்

கடைசிஅவுட் எழுதியது:

ஜப்பான் பேஸ்பால்ல வருஷ சாம்பியனைத் தீர்மானிக்கற ஜப்பான் சீரிஸோட இந்த ஆட்டத்தைப் போன வாரம் முழுசா உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். 2022 அக்டோபர் 27, ஒசாகா க்யோசெரா டோம். சொந்த ஊர் ஓரிக்ஸ் பஃபலோஸுக்கும் டோக்கியோவின் யாகுல்ட் ஸ்வாலோஸுக்கும் ஐந்தாவது ஆட்டம். நாலு வெற்றி எடுத்தா கோப்பை. அதுவரைக்கும் யாகுல்ட் ரெண்டு வெற்றி, ஓரிக்ஸ் ஒண்ணு, ஒண்ணு டிரா. ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ் பின்பாதி, ஓரிக்ஸ் பேட் பண்ற முறை தொடங்கும்போது யாகுல்ட் 4-3 முன்னிலை. இன்னும் மூணு அவுட் எடுத்தா போதும், கோப்பைக்கு ஒரே ஒரு வெற்றிதான் பாக்கி இருக்கும்.

முடிக்க வந்தவர் யாகுல்ட் பிட்சர் (பந்து போடறவர்) ஸ்காட் மெக்காஃப். அந்த சீசன்ல 38 சேவ் எடுத்தவர், அதாவது டீமோட முன்னிலையைக் கடைசி வரைக்கும் காப்பாத்தி 38 ஆட்டம் முடிச்சவர். முதல் பேட்டர் அடாச்சிக்கு வெளியே போற நாலு பால் போட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்க விட்டார் (இதுதான் வாக்). அடுத்தவர் பண்ட் வெச்சு அடாச்சியை ரெண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஒரு அவுட். அப்புறம் நிஷினோ நேரா பிட்சரைப் பார்த்து அடிச்சார். பந்து மெக்காஃப் மேல பட்டுப் பக்கத்துல உருண்டது. அவர் ஓடிப் போய் எடுத்து முதல் பேஸுக்கு எறிஞ்சார். எங்கேயோ எறிஞ்சார்! அடாச்சி வீடு (ஹோம் பேஸ்) வந்து சேர்ந்தார், 4-4. நடுவுல ஒருத்தர் அவுட். ரெண்டு அவுட் ஆன பிறகு யோஷிடா மசடாகா வலது பக்கம் தூக்கி அடிச்ச ஹோம் ரன், பேஸ்ல இருந்தவரையும் சேர்த்து ரெண்டு ரன், 6-4. ஆட்டம் அங்கேயே முடிஞ்சது.

எல்லா இடத்துலயும் இதை "ஓரிக்ஸின் மாபெரும் எழுச்சி"ன்னு எழுதறாங்க. என்னால ஒத்துக்க முடியல. கணக்குப் போட்டுப் பாருங்க: மெக்காஃப் அந்தப் பந்தை ஒழுங்கா எறிஞ்சிருந்தா ரெண்டு அவுட். அடுத்து வந்தவர் எப்படியும் அவுட் ஆனார். மூணு அவுட், 4-3, யாகுல்ட் வெற்றி. யோஷிடா பேட்டைக் கையில எடுத்து வந்திருக்கவே மாட்டார். இது ஓரிக்ஸ் ஜெயிச்ச ஆட்டம் இல்ல. யாகுல்ட் தூக்கிக் கொடுத்த ஆட்டம்.

டோம்மேல்மாடி எழுதியது:

நான் ஒசாகாவுல ஒன்பது வருஷமா இருக்கேன். அன்னைக்கு ராத்திரி அந்த டோம்ல மேல் அடுக்குல உட்கார்ந்திருந்தேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறதுக்கு மன்னிச்சுக்குங்க.

அந்த சீசன்ல கொரோனாக் கட்டுப்பாடு இன்னும் போகல. வாய்விட்டுக் கத்தி ஆரவாரம் பண்ணக் கூடாது, மாஸ்க் போட்டுக்கிட்டு கை தட்டலாம், துண்டு ஆட்டலாம், அவ்வளவுதான். ஜப்பான் மைதானத்துல ஒவ்வொரு வீரனுக்கும் தனிப் பாட்டு உண்டு, மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடும். அந்தப் பாட்டு இல்லாம வெறும் கைத்தட்டல் மட்டும். அடாச்சி நடந்து முதல் பேஸுக்குப் போனப்போ அந்தத் தட்டல் மாறினது எனக்கு ஞாபகம் இருக்கு. அதுக்கு முன்னாடி தாளத்துக்குத் தட்டிக்கிட்டு இருந்தவங்க தாளம் விட்டுட்டாங்க. என் பக்கத்துல ஒரு பாட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், காத்தடைச்ச டம்பெல் ஒண்ணைக் கையில வெச்சிருந்தாங்க. யோஷிடா பேட் பண்ண வந்தா ஓரிக்ஸ் ரசிகர்கள் தூக்கிக் காட்டுற டம்பெல் அது. யோஷிடா வர இன்னும் மூணு பேர் இருக்கும்போதே அவங்க அதை மடியிலிருந்து எடுத்து நிமிர்த்திப் பிடிச்சுட்டாங்க.

நீங்க சொல்ற தப்பு நடந்தது உண்மைதான். ஆனா அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது? அடாச்சி அன்னைக்கு 34 வயசுக்காரர். ஒரு ரன் பின்னாடி இருக்கற டீம்ல, கடைசி இன்னிங்ஸ்ல முதல் ஆளா வந்து, ஆசைப்பட்டு வெளிப் பந்தைத் துரத்தாம நின்னார். அது சும்மா கிடைச்சதில்ல, சம்பாதிச்சது. அவர் ரெண்டாவது பேஸ்ல இருந்ததாலதான் மெக்காஃபுக்கு அவசரம். பந்து உடம்புல பட்டுத் தெறிச்சிருக்கு, நிஷினோ உயிரைக் கொடுத்து ஓடறார். நிதானமா எறியற பந்தா அது?

ஹோம் ரன் பறந்தப்போ அந்தக் கட்டுப்பாடெல்லாம் காத்துல போச்சு. நானும் கத்தினேன். அந்தப் பாட்டி கத்தல. டம்பெல்லை முகத்தோட அணைச்சுக்கிட்டு அழுதாங்க.

புதுவாசகி எழுதியது:

ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. பண்ட்னா என்ன? அவரே அவுட் ஆகற மாதிரி ஆடினாருன்னா அது எப்படி நல்ல ஆட்டம்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

புதுவாசகி, பேட்டை வீசாம குறுக்கே பிடிச்சு பந்தை மெதுவா முன்னாடி உருட்டி விடறதுதான் பண்ட். அதை எடுத்து முதல் பேஸுக்கு எறிஞ்சு பேட்டரை அவுட் பண்ணுவாங்க, அதுக்குள்ள முதல் பேஸ்ல இருந்தவர் ரெண்டாவதுக்குப் போயிடுவார். தன் விக்கெட்டைக் கொடுத்து இன்னொருத்தரை ஒரு படி ஏத்தி விடறது. ஜப்பான்ல பள்ளிக்கூட ஆட்டத்துலேர்ந்தே இதைச் சொல்லிக் கொடுக்கறாங்க.

இது நல்ல ஆட்டமான்னு கேட்டா, எத்தனை ரன் வேணுங்கறதைப் பொறுத்தது. நிறைய ரன் வேணும்னா பண்ட் நஷ்டம், இருக்கற மூணு அவுட்ல ஒண்ணைக் கையில எடுத்துக் கொடுத்துடறோம். ஒரே ஒரு ரன் போதும்னா அவ்வளவு நஷ்டம் இல்ல. ஓரிக்ஸுக்கு வேண்டியிருந்தது சமன் பண்ண ஒரு ரன். சொந்த மைதானம், சமன் ஆனா அவங்களுக்குத்தான் கடைசி பேட்டிங். மானேஜர் நகாஜிமா சதோஷி செஞ்சது சரி.

கடைசிஅவுட், உங்க கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. எறி சரியா போயிருந்தா அடாச்சி மூணாவது பேஸ்ல நின்னிருப்பார். மூணாவது பேஸ்ல ஆள் நிக்கும்போது அடுத்த பேட்டருக்குப் போடற பந்தே வேற. திடீர்னு கீழே இறங்கித் தரையில குத்தற ஸ்ப்ளிட்டர் பந்தைப் போட பிட்சர் பயப்படுவார், கேட்சர் தவறவிட்டா ரன். "அடுத்தவர் எப்படியும் அவுட் ஆனார்"னு அந்த ஒரு அவுட்டைப் பெயர்த்து எடுத்து வேற சூழ்நிலையில ஒட்ட வைக்க முடியாது.

ஆனா உங்க பக்கம் நியாயமே இல்லைன்னு நான் சொல்லல. யாகுல்ட் கிட்ட நிஜமான தப்பு ஒண்ணு இருக்கு. அது மெக்காஃப் கையில இல்ல, மானேஜர் தகாட்சு ஷிங்கோ கிட்ட இருக்கு. இதே ஓரிக்ஸ், இதே மெக்காஃப், 2021 ஜப்பான் சீரிஸ் முதல் ஆட்டத்தை எடுத்துக்குங்க. நவம்பர் 20, இதே க்யோசெரா டோம். எட்டாவது இன்னிங்ஸ்ல முரகாமி ரெண்டு ரன் ஹோம் ரன் அடிச்சு யாகுல்ட் 3-1. ஒன்பதாவதுல மெக்காஃப் வந்தார், ஒரு அவுட் கூட எடுக்கல. ஹிட், வாக், பண்ட் எடுக்கறதுல எல்லாரும் சேஃப், முனே யூமா ரெண்டு ரன் ஹிட், கடைசியா யோஷிடா சென்டர்ல நிக்கறவர் தலைக்கு மேல அடிச்சார். 4-3 ஓரிக்ஸ். அதே சீரிஸ் ஐந்தாவது ஆட்டம் டோக்கியோ டோம்ல 5-5ல நிக்கறப்போ மறுபடி மெக்காஃப், ஆடம் ஜோன்ஸ் ஹோம் ரன், தோல்வி. ரெண்டு தடவை பட்ட இடம். மூணாவது தடவையும் அதே ஆளை, அதே டோம்ல, அதே யோஷிடா வரப்போற இன்னிங்ஸ்ல இறக்கினா அதை நம்பிக்கைன்னு நான் சொல்ல மாட்டேன், பிடிவாதம்னுதான் சொல்வேன்.

குடைக்காரன் எழுதியது:

யாகுல்ட் ரசிகன். ரன் வந்தா குட்டிக் குடையை விரிச்சு ஆடுவோமே, அந்தக் கூட்டம். கணக்குப்பிள்ளை சார், உங்க கிட்ட மரியாதை உண்டு. ஆனா 2021ஐ எடுத்தீங்க, பாதியில வெச்சுட்டீங்க. மீதியை நான் சொல்றேன்.

ரெண்டு தோல்வியைத் தலையில வாங்கின மெக்காஃபை ஆறாவது ஆட்டத்துல தகாட்சு மறுபடி கூப்பிட்டார். நவம்பர் 27, கோபே. வெளி மைதானம், கடுங்குளிர், 1-1ல ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ் தாண்டிப் போகுது. மெக்காஃப் வழக்கமா ஒரு இன்னிங்ஸ் போடறவர். அன்னைக்கு ரெண்டு இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் எடுத்தார். பன்னிரண்டாவதுல கவபாட்டா ஷிங்கோ பதில் பேட்டரா வந்து அடிச்ச ஹிட்ல 2-1. பின்பாதியில மறுபடி மெக்காஃப்தான் வந்தார், முடிச்சார். யாகுல்ட் இருபது வருஷம் கழிச்சு சாம்பியன். மைதானத்துல வீரர்கள் அழுததை இப்போ நினைச்சாலும் எனக்குத் தொண்டை அடைக்குது.

அந்த ராத்திரி நீங்க சொல்ற மாதிரி "பட்டது போதும், மாத்து"ன்னு தகாட்சு முடிவெடுத்திருந்தா அந்தக் கோப்பை வந்திருக்குமா? தகாட்சு யாரு? ஜப்பான்ல 286 சேவ் எடுத்த க்ளோசர், கடைசி இன்னிங்ஸ்ல வந்து ஆட்டத்தை முடிக்கற பிட்சர். வீரரா ஆடின காலத்துல ஜப்பான் சீரிஸ்ல ஒரு ரன் கூடக் கொடுக்காதவர். பந்து போடற அந்த மேட்டுல ஒன்பதாவது இன்னிங்ஸ்ல தனியா நிக்கறது எப்படி இருக்கும்னு அவரை விடத் தெரிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம். ஜப்பான் பத்திரிகைகள்ல க்ளோசருக்கு "ஷுகோஷின்"னு எழுதுவாங்க, காவல் தெய்வம்னு அர்த்தம். நம்ம ஊர் எல்லைச் சாமி மாதிரி. ஒரு மழை பொய்ச்சா எல்லைச் சாமியை மாத்துவோமா?

2021 செப்டம்பர்ல, டீம் போட்டியில இருக்கும்போது, தகாட்சு வீரர்கள்கிட்ட "ஜெத்தாய் தைஜோபு"ன்னார். நிச்சயமா சரியாகிடும்னு. அந்த டீமே அந்த வார்த்தையைப் பிடிச்சு ஏறி வந்த டீம். அதை ஒரு ராத்திரி தோத்ததுக்காகக் கைவிடச் சொல்றீங்க.

கணக்குப்பிள்ளை எழுதியது:

குடைக்காரன், கோபேயைச் சொன்னது நியாயம். நான் விட்டிருக்கக் கூடாது. ஒத்துக்கறேன்.

ஆனா எதிர் பெஞ்ச்ல என்ன நடந்ததுன்னு பாருங்க. 2022 சீரிஸ் ரெண்டாவது ஆட்டம், யாகுல்ட்டோட ஜிங்கு மைதானம். ஓரிக்ஸ் 3-0 முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ்ல அபே ஷோட்டா பந்து போட, பதில் பேட்டரா வந்த உச்சியாமா சோமா மூணு ரன் ஹோம் ரன் அடிச்சு சமன் பண்ணிட்டார். பன்னிரண்டு இன்னிங்ஸ் ஆடி 3-3 டிரா. கையில இருந்த வெற்றி போச்சு. நகாஜிமா என்ன பண்ணார்? நாலாவது ஆட்டத்துல 1-0ல இருக்கும்போது கடைசி இன்னிங்ஸை அபே கிட்ட இல்லாம வேகஸ்பேக்ங்கற பிட்சர் கிட்டக் கொடுத்தார். அதே ஆட்டத்துல ஐந்தாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், மூணாவது பேஸ்ல ஆள். அங்க கொண்டு வந்தது உடகாவா யூகியை. அந்த சீசன் பாதி வரைக்கும் பயிற்சி ஒப்பந்தத்துல இருந்த பையன், ஜூலைலதான் முழு ஒப்பந்தம் கிடைச்சது. அவர் ரெண்டு பேரை ஸ்ட்ரைக்அவுட் பண்ணி (பந்தை அடிக்க விடாமலே அவுட் ஆக்கி) அந்த ஒரு ரன்னைக் காப்பாத்தினார். ஆறாவது, ஏழாவது ஆட்டத்தையும் முடிச்சது வேகஸ்பேக்தான்.

நகாஜிமாவும் தன் ஆட்களை நம்பினார். ஆனா யாரு என்ன பேர்ல இருக்காங்கன்னு பார்க்கல, அன்னைக்கு யாரு கை நல்லா இருக்குன்னு பார்த்தார். என் வாதம் அவ்வளவுதான்.

கடைசிஅவுட் எழுதியது:

ரெண்டு பேரும் மெக்காஃபைப் பத்தித்தான் பேசறீங்க! அதுவே என் கட்சிக்கு சாட்சி. ஓரிக்ஸ் ஜெயிச்சதைப் பத்தின விவாதத்துல நாலு பதிவு முழுக்க யாகுல்ட் என்ன தப்புப் பண்ணுச்சுன்னுதான் இருக்கு.

இன்னொண்ணு. ஆறாவது ஆட்டத்தையும் பாருங்க. அக்டோபர் 29, ஜிங்கு. 1-0 ஓரிக்ஸ் முன்னிலை. ஒன்பதாவதுல மெக்காஃப், மறுபடியும் பண்ட், மறுபடியும் தப்பான எறி, 3-0. ஏழாவது ஆட்டத்துல சென்டர்ல ஷியோமி பந்தைத் தவறவிட்டு மூணு ரன் ஒரே மூச்சுல போச்சு, கடைசியில 5-4ன்னு தோல்வி. ஒரு ரன் வித்தியாசம். மூணு ஆட்டம், மூணு பெரிய தப்பு. அடிச்சு வாங்கின கோப்பையா இது?

டோம்மேல்மாடி எழுதியது:

> அடிச்சு வாங்கின கோப்பையா இது?

ஆமா. அடிச்சு வாங்கின கோப்பைதான். இந்த வரி என்னைக் கொஞ்சம் சுட்டுடுச்சு, அதனால நேரா சொல்றேன்.

முதல் ஆட்டத்துலயே ஓரிக்ஸோட மிகச் சிறந்த பிட்சர் யமமோட்டோ யோஷினோபு ஐந்தாவது இன்னிங்ஸ்ல விலாப் பக்கம் வலின்னு இறங்கிப் போனார். அதுக்கப்புறம் அந்த சீரிஸ்ல அவர் பந்து போடல. ஒரு டீமோட தூணைப் பிடுங்கிட்டு ஏழு ஆட்டம் ஆடச் சொல்ற மாதிரி. எதிர்ல யாரு? அந்த வருஷம் 56 ஹோம் ரன் அடிச்ச 22 வயசு முரகாமி. மூணு ஆட்டம் முடிஞ்சப்போ ஒரு வெற்றி கூட இல்ல, ரெண்டு தோல்வி, ஒரு டிரா. இந்த ஊர்ல ஆபீஸ்ல அன்னைக்கு யாரும் பேஸ்பால் பேசல. பேசினா வலிக்கும்.

லீக்கை எப்படி ஜெயிச்சாங்க தெரியுமா? கடைசி நாள், அக்டோபர் 2. முதல் இடத்துக்குப் போட்டி போட்ட சாஃப்ட்பேங்க் டீம் ஜெயிச்சாலோ டிரா பண்ணாலோ எல்லாம் முடிஞ்சது. சாஃப்ட்பேங்க் தோத்தது, ஓரிக்ஸ் சென்டாய்ல ராகுடெனை 5-2ன்னு ஜெயிச்சது. ரெண்டு டீமும் 76 வெற்றி, 65 தோல்வி, 2 டிரா. அச்சு அசலா ஒரே கணக்கு. நேருக்கு நேர் ஆட்டங்கள்ல முன்னாடி இருந்ததால ஓரிக்ஸ் சாம்பியன். இந்த டீம் கடைசி அவுட் வரைக்கும் நின்னு பழகின டீம்.

எதிராளி தப்புப் பண்ணா நம்ம வெற்றி சின்னதாகிடாது. தப்பு நடக்கற இடத்துல ஆள் நிக்கணும். மெக்காஃப் தப்பா எறிஞ்சப்போ ரெண்டாவது பேஸ்ல யாரும் இல்லைன்னா அந்த எறிக்கு ரன் கிடையாது. அடாச்சியை அங்க கொண்டு போய் நிறுத்தினது நாலு பாலைப் பொறுத்துக்கிட்ட அவர் கண்ணும், தன் வாய்ப்பை விட்டுக் கொடுத்த ஒரு பண்ட்டும். அப்புறம் அந்த ஹோம் ரன். சமன் ஆனதும் யாகுல்ட்டுக்கு இன்னும் வழி இருந்துச்சு, பத்தாவது இன்னிங்ஸ் இருந்துச்சு. அதை மூடினது எந்தத் தப்பும் இல்ல, யோஷிடாவோட பேட். அன்னைக்கு அவரோட ரெண்டாவது ஹோம் ரன் அது, ஐந்தாவது இன்னிங்ஸ்லயும் ஒண்ணு அடிச்சிருந்தார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேல்மாடி சொன்ன கடைசி விஷயத்துக்கு ஒரு துணை. யோஷிடா அந்த சீசன்ல .335 சராசரி. 80 தடவை வாக், 41 தடவைதான் ஸ்ட்ரைக்அவுட். இது கண்ணை மூடிக்கிட்டுச் சுத்தற ஆள் இல்ல, தனக்கு வேண்டிய பந்துக்காகக் காத்திருக்கற ஆள். அந்த மாதிரி ஒருத்தருக்கு, தப்பா எறிஞ்சு மனசு கலங்கி நிக்கற பிட்சர் பந்து போடறார். அந்த இடத்துலதான் யாராவது மேட்டுக்குப் போய் ஆளை மாத்தியிருக்கணும்னு நான் இன்னும் சொல்றேன். சமன் ஆகிட்ட பிறகு காப்பாத்த சேவ் எதுவும் இல்ல. காவல் தெய்வத்துக்கு அங்க வேலையே முடிஞ்சாச்சு.

புதுவாசகி எழுதியது:

இதைத்தான் "சயோனாரா ஹோம் ரன்"னு சொல்றாங்களா? எங்கேயோ படிச்சேன்.

டோம்மேல்மாடி எழுதியது:

ஆமாங்க. கடைசி இன்னிங்ஸ் பின்பாதியில ஆடற டீம் முன்னிலை எடுத்த அந்த நொடியே ஆட்டம் முடிஞ்சிடும். எதிராளி அப்படியே மைதானத்தை விட்டுப் போகணும். அதனால சயோனாரா, போய் வருகிறோம்னு. அன்னைக்கு பந்து வலது பக்க இருக்கைகள்ல விழுந்ததும் யாகுல்ட் வீரர்கள் ஒவ்வொருத்தரா பெஞ்சை நோக்கி நடக்க ஆரம்பிச்சாங்க. யோஷிடா இன்னும் பேஸைச் சுத்தி வந்துக்கிட்டு இருந்தார். நான் ஓரிக்ஸ் ஆள், ஆனா அந்த நடையை என்னால முழுசாப் பார்க்க முடியல.

குடைக்காரன் எழுதியது:

அந்த நடையை நான் டிவியில பார்த்தேன். அப்புறம் ஆறாவது ஆட்டத்துல மறுபடி அந்த எறி. கணக்குப்பிள்ளை சார் சொல்ற இடம், 4-4 ஆன பிறகு மாத்தியிருக்கலாங்கறது, இத்தனை நாள் கழிச்சு இப்போ எனக்கும் சரின்னு படுது. மனசு வரல, ஆனா சரி. ஆட்டம் கையில இருந்து போனதுக்கும், ஒரு மனுஷன் திரும்பத் திரும்ப அதே இடத்துல நிறுத்தப்பட்டதுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. தகாட்சு அன்னைக்கு அந்தக் கோட்டைத் தாண்டிட்டார்.

ஆனா மெக்காஃபைத் திட்டறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். நாலு சீசன் எங்க டீமுக்காக அந்த மேட்டுல நின்னவர். அந்தக் குளிர் காலத்துலயே அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அவரைக் கூட்டிட்டுப் போச்சு. யோஷிடா பாஸ்டனுக்குப் போனார். க்யோசெரா டோம்ல அந்த ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னது அதுதான் கடைசி.

கடைசிஅவுட் எழுதியது:

மேல்மாடி அண்ணே, "அடிச்சு வாங்கின கோப்பையா"ன்னு கேட்டது தப்பு. யமமோட்டோ இல்லாம ஆடினதை நான் யோசிக்கவே இல்ல, அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கறேன். கோப்பைக்காக இருபத்தாறு வருஷம் காத்திருந்த ரசிகர்களைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

ஆனா ஐந்தாவது ஆட்டம் பத்தி என் கருத்து பாதிதான் மாறியிருக்கு. ஹோம் ரன் ஓரிக்ஸோடது, அதுல தகராறு இல்ல. நாலாவது ரன் இன்னும் யாகுல்ட் கொடுத்ததுதான்.

டோம்மேல்மாடி எழுதியது:

தம்பி, ஒரே ஒரு வேண்டுகோள். ஆட்டத்தை இன்னொரு தடவை பாருங்க. ஆனா நிஷினோ அடியிலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, ஒன்பதாவது இன்னிங்ஸ் முதல் பந்துலேர்ந்து பாருங்க. பந்தைப் பார்க்காதீங்க, அடாச்சியை மட்டும் பாருங்க. பேட்டைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம நிக்கறதையும், நாலாவது பால் வெளியே போனதும் பேட்டை வெச்சுட்டு முதல் பேஸுக்குக் கிளம்பறதையும், அப்புறம் ரெண்டாவது பேஸ்ல நிக்கறதையும், எறி தப்பினதும் வீட்டுக்கு ஓடி வர்றதையும். அது முடிஞ்ச பிறகு நாலாவது ரன் யாரோடதுன்னு சொல்லுங்க.

கடைசிஅவுட் எழுதியது:

சரிண்ணே. இன்னைக்கு ராத்திரி பார்த்துட்டு நாளைக்கு எழுதறேன்.